நவமியன்று பெல்ஹித்தில் ஆட்டம்

ஜனவரி 20, செவ்வாய்

மூட்டு வலி மருந்து எடுத்து வந்தேன். குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன். பச்சைத் தொட்டி இந்த வாரமா, அடுத்த வாரமா என்பது மனோவுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் எதை வைத்திருக்கிறான் என்று பார்த்து நானும் அதையே வைத்தேன். அவன் பிழை விட்டால் நானும் பிழை.

பத்து மணிபோல டெரிக் வந்தான். ஹேசல்வுட் ரோவர்ஸ் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதுச் செயலாளர்; போன கோடையில்தான் பொறுப்பெடுத்தவன். ரோவர்ஸ் என்றால் தொலைக்காட்சியில் காட்டுகிற அணி இல்லை. இங்கிலாந்தின் பெரிய லீக்குகள் எல்லாம் முடிந்து, அதற்குக் கீழே நாலைந்து படி இறங்கினால் எங்களைக் காணலாம். கோல் காக்கிறவன் வாரநாட்களில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறான். ஒரு ஆட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தால் அன்று திருவிழா. அந்த நூற்றைம்பதில் முப்பது வருடமாக ஒருத்தி என் மனைவி மனோரஞ்சிதம். அவளைக் காரில் ஏற்றி இறக்கிய பாவத்துக்கு நானும் ஒருவன்.

டெரிக் ஓர் அட்டையைத் தந்தான். கழகத்தின் விலாசத்துக்கு வந்ததாம். உறையில் என் பெயர் இல்லை. 'போன ஜனவரியில் எங்கள் மைதானத்தில் இறந்துபோன அம்மாவின் கணவருக்கு' என்று இருந்தது. எழுதியவள் மோரீன் என்பவள். பெல்ஹித் டவுன் மைதானத்தில் இருபத்தொன்பது வருடமாகத் தேத்தண்ணிக் கொட்டில் நடத்துகிறாளாம். பெப்ரவரியில் அதை விட்டுவிட்டு ஸ்கொட்லாந்தில் தங்கையிடம் போகிறாளாம். உங்கள் மனைவியின் கடைசி நேரத்தில் நான்தான் பக்கத்தில் இருந்தேன், அவர் சொன்னவற்றை எழுத எனக்கு வரவில்லை, நேரில் சொல்ல வேண்டும், 24ஆம் தேதி உங்கள் அணி இங்கே வருகிறதே, வருவீர்களா என்று கேட்டிருந்தாள்.

கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சனிக்கிழமை போகிறேன். மகள் ஆரபிக்குச் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 22, வியாழன்

ஆங்கிலத் தேதிப்படி இன்றோடு ஒரு வருடம். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவித் துடைத்தேன்.

ஜனவரி 24, சனி

ரயில் நிலையத்தில் நிற்கும்போது டெரிக்கின் செய்தி வந்தது. நடுவர் ஒன்பது மணிக்குப் போய் மைதானத்தில் பந்தைப் போட்டுப் பார்த்தாராம், பந்து எழும்பவில்லை. வெள்ளம். ஆட்டம் ஒத்திவைப்பு. குடையும் கையுமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

மனோவோடு போன காலத்தில் இதைவிட மோசமெல்லாம் நடந்திருக்கிறது. தொண்ணூற்றெட்டில் மூன்று மணித்தியாலம் ஓடிப் போய் இறங்கினால் கேற்றில் பூட்டு. கைத்தொலைபேசி இல்லாத காலம், யார் அறிவிக்கிறது? நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் பின் இருக்கையில் இருந்து புட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்து, "வந்தது வந்திட்டம், சாப்பிட்டிட்டுப் போவம்" என்றாள். கார்க் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல். ஆரபிக்கு ஆறு வயது. கண்ணாடி ஆவியில் விரலால் கோல் கம்பம் கீறிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளை வீணாய்ப் போன நாள் என்று பத்து வருடம் சொல்லிக்காட்டினேன். எவ்வளவு விசரனாய் இருந்திருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒரே நாளில் இரண்டு தொலைபேசி.

முதலாவது ஆரபி. லெஸ்டரில் இருந்து. மனோவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்த்துவிட்டாளாம். தை மாதத் தேய்பிறை நவமி. லண்டன் கோயில் நாள்காட்டிப்படி பெப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கிரியை, பின்னேரம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் சாப்பாடு. அறுபது பேருக்குச் சொல்லியாயிற்று. ஆண் பிள்ளை இல்லாதபடியால் நான்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது டெரிக். ஒத்திவைத்த ஆட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை இரவு ஏழே முக்கால். மோரீனுக்கு அதுதான் கடைசி ஆட்டமாம். மறுநாள் பயணமாம்.

வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது.

ஆரபியிடம் ஆட்டம் என்று வாய் திறக்க முடியாது. அவளைப் பொறுத்தமட்டில் அம்மாவைக் கொன்றது அந்த விளையாட்டு. குளிரில் போய் நின்று நின்றே நெஞ்சு அடைத்தது என்கிறாள். மனோவின் ரோவர்ஸ் கழுத்துத் துண்டை அலமாரியில் இருந்து எடுத்து எறியப் போனவள். நான் பிடுங்கி என் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, வியாழன்

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம்.

என் சிநேகிதன் கிருபை வீட்டுச் சுவரில் ஊரில் இருந்து வந்த நாள்காட்டி தொங்குகிறது. போய்ப் பார்த்தேன். அங்கே நவமி செவ்வாய் காலை ஏழரை மணிக்குத்தான் பிடிக்கிறது, புதன் காலை பத்து மணிவரை நிற்கிறது. செவ்வாய் சூரியன் உதிக்கும்போது அட்டமி. புதன் உதிக்கும்போதுதான் நவமி. அப்படியென்றால் திவசம் புதன்கிழமை. செவ்வாய் எனக்குச் சும்மா இருக்கிற நாள்.

ஆரபிக்கு எடுத்துச் சொன்னேன். செத்தது இந்த நாட்டில், திதியும் இந்த நாட்டுத் திதிதான் என்றாள். பிறந்தது வடமராட்சியில், ஆன்மா எந்த நாள்காட்டியைப் பார்க்குமென்று உனக்குத் தெரியுமோ என்று கேட்டேன். இப்படி ஒரு மணி நேரம் போனது. பெற்றோல் நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன் நான். கோள்களின் ஓட்டம் பற்றி இவ்வளவு கதைத்ததில்லை.

"அப்பா, நீங்கள் ராகு காலத்தில கலியாணம் முடிச்ச ஆள். இந்தப் பஞ்சாங்கப் பக்தி எப்ப தொடக்கம்?" என்று கேட்டாள்.

வயது போகப் போக வருகிறது என்று சொல்லி வைத்தேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு

கோயிலில் குருக்களைப் பிடித்தேன். அவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்து வைத்து, பிதிர் காரியத்துக்குப் பின்னேர வேளையில் நிற்கிற திதியைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே செவ்வாய்தான் சரி என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு தன் கைக்குறிப்பைப் பார்த்தார். செவ்வாய் அவருக்கு ஈஸ்ட்ஹாமில் ஒரு திவசம், குரோய்டனில் ஒரு வீடு குடிபூரல். தலையைச் சொறிந்தார். ஊர்ப் பஞ்சாங்கத்தை அனுசரிக்கிற குடும்பமென்றால் புதன் செய்வதிலும் குறையில்லை என்றார். நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பஞ்சாங்கம்தான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

ஆரபி அறுபது பேருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று. சரியான கோபம்.

மனோவின் அண்ணன் மனைவி பவளம் மச்சாளும் கோயிலுக்கு வந்திருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் சொல்வதையே சொன்னா. கடைசி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்றதே அவள் செய்த புண்ணியம் என்று. செத்தவீட்டில் இதை நாற்பது பேர் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது பழகிவிட்டது.

பெப்ரவரி 4, புதன்

மழை. வெளியே போகவில்லை. பருப்பும் சோறும்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னல் ரோவர்ஸ் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. வந்து மூன்று மாதம். எனக்கு இரவு வேலை. மனோவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆட்களைத் தெரியாது, வயிற்றில் ஆரபி. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் திடீரென்று அறை முழுக்க வெளிச்சமாம். பயந்துபோய் ஜன்னலைத் திறந்தால் நாலு கம்பத்திலும் விளக்கு எரிகிறது, கீழே பந்தடி. அவளுடைய ஊரில் பந்தடி என்றால் சனம் சாப்பாட்டையே மறந்து நிற்கும். ஆனால் பொம்பிளைப் பிள்ளைகள் எல்லைக்கோட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. இங்கே ஒரு ஜன்னல் நிறைய ஆட்டம்.

நாலு ஆட்டம் இப்படி ஜன்னலில் பார்த்திருக்கிறாள். ஐந்தாவது ஆட்டத்தில் புல் வெட்டுகிற கிழவன் வோல்டர் நிமிர்ந்து பார்த்து, இறங்கி வா என்று கை காட்டியிருக்கிறான். குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் விடிய வேலையால் வந்தபோது என்னிடம் சொன்ன முதல் சேதி, "இஞ்சாருங்கோ, இடைவேளையில எல்லாரும் இடம் மாறுகினம்" என்பதுதான். இந்தச் சின்னக் கழகங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தங்கள் அணி எந்தக் கோலுக்கு அடிக்கிறதோ அதற்குப் பின்னால் போய் நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது சனமும் தேத்தண்ணியும் கையுமாக மைதானத்தைச் சுற்றி நடந்து மற்றப் பக்கம் போகும். எதிர்ப்பக்கக் கூட்டம் எதிரே வரும். பார்த்துத் தலையசைத்துக்கொண்டு கடந்து போவார்கள். அந்த நடைதான் தனக்கு ஆட்டத்தைவிடப் பிடிக்கும் என்பாள். அந்த நடையில்தான் அவள் ஆங்கிலம் படித்தாள்.

நான் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் செவ்வாய், புதன்களில் பின்னேரம் நாலு மணிக்குக் காரை எடுத்து, நெடுஞ்சாலையில் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நாங்கள் மட்டும் வீட்டை விட்டுப் போவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. இருட்டில் தூரத்தில் விளக்குக் கம்பங்களை முதலில் கண்டவர் சொல்ல வேண்டும். எப்போதும் அவள்தான் முதலில் காண்பாள்.

பெப்ரவரி 7, சனி

ஆரபி வந்துவிட்டாள். வந்த உடனேயே குசினியைத் தலைகீழாக்கிவிட்டாள். என் மேசையையும் துடைத்தாள். அட்டையை இந்தக் கொப்பிக்குள்தான் வைத்திருக்கிறேன். எடுத்துக் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிருபையை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறேன், வரச் சுணங்கும் என்று சொன்னேன். கிருபைக்கு என்ன என்று கேட்டாள். பித்தப்பையில் கல் என்றேன். கிருபை மன்னிக்க வேண்டும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஆரபி என் குளிர்ச்சட்டையைக் கழுவக் கொண்டுபோனாள். ஓடிப் போய்ப் பைகளைப் பார்த்தேன். அட்டை இருந்தது. ஆனால் வலப்பக்கப் பையில் இருந்தது. நான் இடப்பக்கத்தில் வைத்ததாகத்தான் ஞாபகம். வயது போனால் இப்படித்தான்.

இரவுச் சாப்பாட்டில் அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கிக் கண் எரிகிறது என்றாள்.

பெப்ரவரி 9, திங்கள்

நாளைக்குப் போகிறேன். போக முதல் ஒன்றை எழுதிவிடுகிறேன். மோரீனின் அட்டையில் நான் எழுதாமல் விட்ட கடைசி வரி இது: 'அன்று உங்களைச் சந்திக்கக் கிடைக்காதது எனக்கு மனவருத்தம்.'

அன்று நான் அங்கே இல்லை.

போன வருடம் ஜனவரி 22, புதன்கிழமை. சனத்தை ஏற்றிப் போகிற கழகத்தின் சிற்றூர்தி பழுது, ஆகவே ஆட்டக்காரர்களைத் தவிர எங்கள் பக்கத்தில் வேறு ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. மனோ இரண்டு ரயில், ஒரு பஸ் மாறித் தனியாகப் போனாள். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. காரை எடுத்து ஓடினேன். முடிந்துவிட்டது. பிறகு ஆரபி லெஸ்டரில் இருந்து வந்து சேர்ந்தாள். நான் அங்கே கதிரையில் இருப்பதைக் கண்டு, "நல்ல காலம், அப்பாவாவது பக்கத்தில நிண்டது" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தரம். பிறகு நிறுத்த முடியவில்லை.

அதனால்தான் மனோ கடைசியாக என்ன சொன்னாள் என்று இந்த வீட்டில் ஒருவரிடமும் நான் கேட்க முடியாது. எல்லோரும் அதை என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். காரையும் விற்றுவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 11, புதன், காலை

குருக்கள் பதினொரு மணிக்கு வருவார். அதற்குள் எழுத வேண்டும்.

நேற்று மூன்று மணிக்கு ரயில் நிலையத்துக்கு என்று வெளிக்கிட்டேன். வாசலில் ஆரபி தன் காரில் இருந்தாள். முன் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்கோ. பெல்ஹித்துக்கு ரயிலில போனால் உங்களுக்குத் திரும்பி வர வண்டி இல்லை."

நான் கிருபையின் பித்தப்பையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்னைப் பார்த்தாள். பேசாமல் ஏறி இருந்தேன். நாளைக்குத் திவசம் செய்கிற ஆள், வெளியில் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். கடற்கரைப் பக்கம் இருட்டில் நாலு விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. அவள்தான் முதலில் கண்டாள். விரலை மட்டும் நீட்டினாள்.

பெல்ஹித் மைதானம் எனக்குப் பழக்கம்தான், மனோவோடு ஏழெட்டுத் தரம் வந்திருக்கிறேன். ஒரு பக்கம் தகரக் கூரை, மற்றப் பக்கம் வெறும் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் சேற்று நிலம். தேத்தண்ணிக் கொட்டில் நடுக்கோட்டுக்கு நேரே. பலகை மேல் பலூன் கட்டியிருந்தார்கள், மோரீனுக்குப் பிரியாவிடை. கம்பளித் தொப்பி போட்ட சின்ன மனுசி. நான் பெயர் சொல்ல முதலே, "நீங்கள் அவவின் கணவர்" என்றாள். கொட்டிலை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஆரபியை மகள் என்று அறிமுகம் செய்தேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. நாங்கள் மூவரும் கொட்டில் படிக்குப் பக்கத்தில் நின்றோம். ஆரபியைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மோரீன் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். வேறு விதமாக என்னால் எழுத முடியாது.

"ஏழு மணிக்கு வந்தவ. ரெண்டு தேத்தண்ணி வாங்கினா. ஒண்டைக் குடிச்சா, மற்றதை இந்தப் பலகையில மூடி வைச்சா. அது ஆருக்கு எண்டு கேட்டன். 'என்ரை மனுசனுக்கு. கார் நிப்பாட்டப் போட்டார், இப்ப வந்திடுவார்' எண்டு சொன்னா."

முதல் பாதி முழுக்க அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாளாம். இடைக்கிடை கேற்றைப் பார்த்தாளாம். எங்கே உங்கள் ஆள் என்று மோரீன் பகிடியாகக் கேட்டதற்கு, அவர் காரை ஒரு கோட்டுக்குள் விட மூன்று தரம் முன்னும் பின்னும் எடுப்பார் என்று சிரித்தாளாம். இடைவேளை வந்தது. ஆறிப்போயிற்று என்று அந்தத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டு இன்னும் இரண்டு வாங்கினாளாம். சனம் எல்லாம் மற்றப் பக்கக் கோலுக்கு நடக்கத் தொடங்கியது.

"நீங்கள் போகேல்லையோ எண்டு கேட்டன். 'இல்லை, அவர் வந்தால் என்னை இஞ்சதான் தேடுவார்' எண்டு சொல்லிப்போட்டு இந்தப் படியில இருந்தா. ரெண்டு கையிலயும் ரெண்டு கோப்பை. பேந்து அப்பிடியே என்ரை பக்கம் சாஞ்சா. அவ்வளவுதான். நோவெண்டு ஒண்டும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்களாம். எங்கள் ஆட்டக்காரர்கள் உடுப்பறைக்குள்; பெயர் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லாதபடியால், கார் நிறுத்தப் போன ஐயா தேத்தண்ணிக் கொட்டிலுக்கு உடனே வரவும் என்று. மூன்று தரம். இரண்டு பேர் வெளியே ஓடிப் போய் ஒவ்வொரு காருக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தார்களாம். பிறகு ஆம்புலன்ஸ் போய்விட்டது. அன்று தொடக்கம் அந்த மனுசன் எப்படித் தேடியிருப்பார், படியில் அவளைக் காணாமல் என்ன பாடு பட்டிருப்பார் என்று தனக்கு நித்திரை இல்லை என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இடம் நல்ல தூரத்திலோ கிடைச்சது?" என்று கேட்டாள்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எல்லா இடமும் நிறைந்துவிட்டது, கடற்கரையடியில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டியதாய்ப் போயிற்று, வந்து சேரும்போது ஆம்புலன்ஸ் போய்விட்டது என்று. மனோ சொன்னதை அவளுக்கு முன்னால் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. மோரீன் என் கையைத் தட்டி, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள். முகத்தில் ஒரு நிம்மதி. உள்ளே போய் எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

ஆரபி கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டது. அவள் எடுத்துப் பார்த்திருக்கிற அட்டையில் இருந்த வரிக்கும் கணக்குச் சரி. அப்பா காரை நிறுத்தப் போனவர், சுணங்கிவிட்டார். நான் இனி வாய் திறக்கத் தேவையில்லை. மனோ போகும்போதும் எனக்கு ஒரு சாட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

மோரீனுக்கு விளங்காது என்பதால் அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், மகளுக்குச் சொன்னேன்.

"நான் வரேல்லைப் பிள்ளை. அண்டைக்கு நான் வீட்டில இருந்தனான். அம்மா தனியத்தான் வந்தவ."

ஆரபி மோரீனுக்கு நன்றி சொன்னாள். அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் வேலியோரமாக நடந்து போய்விட்டாள்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். திவசம் செய்கிறவன் குடிக்கலாமோ தெரியாது, குடித்தேன். இடைவேளை வந்தது. எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மற்றப் பக்கம் நடந்தார்கள். டெரிக் கூப்பிட்டான். வரவில்லை என்றேன். படியில் இருந்தேன். குளிர் கல்லில் இருந்து எலும்புக்குள் ஏறியது. இரண்டாம் பாதியில் யாரோ கோல் அடித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆரபி வந்து பக்கத்தில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

காரில் பாதி வழி வந்த பிறகுதான் கேட்டாள். "சண்டை பிடிச்சிருப்பீங்கள், தெரியும். என்னத்துக்கு?"

"சோத்துக்கு."

பிறகு முழுவதையும் சொன்னேன். அன்று காலை மனோ மைதானத்துக்குப் போய்ச் ஆட்டக்காரர்களின் சட்டைகளைச் சுருக்கம் போக அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள். மத்தியானம் வீட்டில் சோறில்லை. நான் பாணைத் தின்றுவிட்டுக் காத்திருந்தேன். வந்ததும், அந்தப் பதினொரு பேரும் உனக்குக் கடைசிக் காலத்தில் சோறு போடுவார்களோ என்று கேட்டேன். போறதென்றால் தனியப் போ என்றேன். அவள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஐந்து மணிக்குச் சாவியை எடுத்தேன். சப்பாத்தும் போட்டேன். இந்த முறையாவது கொஞ்சம் தவிக்கட்டும் என்று திரும்ப வந்து கதிரையில் இருந்தேன். செய்தி பார்த்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

கார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மானத்துக்காகப் பொய் சொல்லியிருக்கிறா, தனியே வந்ததாகக் காட்டிக்கொள்ள வெட்கம் என்றேன்.

"பொய் இல்லை அப்பா," என்றாள் ஆரபி. "நீங்கள் சண்டை பிடிச்சுப்போட்டு அம்மாவுக்குப் பின்னால போகாமல் விட்ட நாள் ஒண்டு சொல்லுங்கோ."

முப்பது வருடத்தை யோசித்துப் பார்த்தேன். கோயிலடியில், பஸ் தரிப்பில், கடை வாசலில், எத்தனையோ மைதானத்துக் கேற்றுகளில் முகத்தை நீட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். போகாமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

வாய் விட்டு அழுதேன். ஒரு வருடத்தில் முதல் தரம். அவள் காரை ஓரம் கட்டவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள்.

பெப்ரவரி 11, புதன், பின்னேரம்

கிரியை முடிந்தது. பிண்டம் வைக்கும்போது எனக்கு மந்திரம் தவறித் தவறிப் போனது. குருக்கள் மூன்று தரம் மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆரபி காலையில் இருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள். உப்பு எங்கே, வாழையிலை எங்கே. கோபம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் மனோவின் படத்துக்கு மாலை போட்ட பிறகு என்னிடம் வந்து, அந்த ரோவர்ஸ் துண்டு எங்கே என்று கேட்டாள். தலையணைக்குள் என்றேன். எடுத்து வந்து படத்துக்குக் கீழே மடித்து வைத்தாள். குருக்கள் பார்த்துவிட்டுத் தன் பையைக் கட்டினார்.

சாப்பாட்டுக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள். நாள் மாற்றியதால் மற்றவர்களுக்கு லீவு இல்லை. முதல் பந்தியில் இலையைப் போட்டு எல்லோரும் இருந்தபோது பவளம் மச்சாள் எனக்கு எதிரே இருந்து சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, அதையே தொடங்கினா. எவ்வளவு பேருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை, புருசன் பக்கத்தில் நிற்கப் போய்ச் சேர்ந்தாள் என்று.

ஆரபி சோற்றுச் சட்டியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

"இல்லை மச்சாள்," என்றேன். "நான் பக்கத்தில நிக்கேல்லை. சண்டை பிடிச்சுப்போட்டு வீட்டில இருந்தனான். அவள் தனியப் போய், ரெண்டு தேத்தண்ணி வாங்கி வைச்சுக்கொண்டு ஒரு படியில இருந்து செத்தவள்."

ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. மச்சாள் வாயில் வந்ததைக் கேட்டா.

"தனியப் போனவளுக்கு ஏன் ரெண்டு?"

"ஒண்டு எனக்கு," என்றேன்.